கவியரங்க இரவுகள்: படிப்போரும் கேட்போரும்

1

நமது ஊர்களில் நடைபெறும் கவியரங்குகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி பத்திரிகைச் செய்திகளே. அச்செய்திகளுக்கென்று ஒரு வாய்பாடு உண்டு. இன்னார் தலைமையில் இன்ன மண்டபத்தில் கவியரங்கு நடைபெற்றது. இன்னார் கிராஅத் ஓதினார். இன்னார் வரவேற்புரை நிகழ்த்தினார். பின்வரும் கவிஞர்கள் கவிதை பாடினர். இன்னார் நன்றி கூறினார். கூடவே பொன்னாடையும் ஞாபகச் சின்னமும் தெரியும்படி ஒரு படம். கவிஞர்களின் பெயர்ப் பட்டியல் நீண்டிருக்கும். அதில் ஒரு பெயர் விடுபட்டால் பெரும் மனத்தாங்கலாகிவிடும். ஆனால், அன்றிரவு பாடப்பட்ட கவிதைகளுள் ஒன்றேனும் எதைப் பேசிற்று, எவ்வாறு அமைந்தது, எங்கே சிறந்தது, எங்கே சறுக்கியது என்பது பற்றி ஒரு வரிகூட இராது.

இது செய்தியாளரின் குறையன்று. அவர் அங்கு நடந்ததையே எழுதுகிறார். கவிதை பற்றி அங்கு எதுவும் பேசப்படாதபோது அவர் எதை எழுதுவார்? பத்துப் பன்னிரண்டு பேர் கவிதை படித்தனர். ஐம்பது அறுபது பேர் கைதட்டினர். பின்னர் எல்லோரும் வீடு சென்றனர். மறுநாள் காலை எவரிடமாவது நேற்றைய கவிதைகளில் எது நல்லது என்று கேட்டுப் பாருங்கள். ‘எல்லாம் நல்லாத்தான் இருந்தது’ என்பார்கள். அந்தப் பதிலுக்குள்தான் இக்கட்டுரையின் பிரச்சினை இருக்கிறது.

கவியரங்கு வேண்டாம் என்று சொல்வது எனது நோக்கமன்று. நூலகம் ஏழு மணிக்கு முன்பே பூட்டப்படும் ஊர்களில், புத்தகக் கடை என்றால் கொப்பியும் பேனையும் விற்கும் கடை என்றிருக்கும் ஊர்களில், எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் காண வேறு இடம் இல்லை. ஆகவேதான் அதனைப் பொருட்படுத்திப் பேச வேண்டியிருக்கிறது. நமது கவியரங்கில் படிப்பவர் இருக்கிறார். கேட்பவர் என்றொருவர் உண்மையில் இருக்கிறாரா? இருந்தால் அவருக்கு அங்கே என்ன வேலை?

2

இக்கேள்விக்கு நமது மரபு ஏற்கனவே இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

முதலாவது, சீறாப்புராணம் படித்த இரவுகள். உமறுப்புலவரின் அக்காப்பியம் கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் வீட்டு முற்றங்களிலும் திண்ணைகளிலும் ஓசையோடு படிக்கப்பட்டதை எங்கள் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒருவர் இராகத்தோடு பாடலைப் படிப்பார். இன்னொருவர் அதன் பொருளை விரிப்பார். கேட்டிருந்தோருள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட ஒரு செந்தமிழ்க் காப்பியம் அவர்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை. அதற்குக் காரணம் அந்தப் பொருள் சொல்பவரே. அவர் படிப்பவருக்குக் கீழானவரல்லர். படிப்பவருக்குக் குரல் வேண்டும். பொருள் சொல்பவருக்குக் கல்வி வேண்டும். சபை இருவரையுமே எடைபோட்டது.

இரண்டாவது, நமது நாட்டார் கவி. வயற்காவலில், களத்தில், இடிக்கும் உலக்கையோடு, ஓலை இழைக்கும் கைகளோடு பிறந்த அந்த நாலடிக் கவிகளுள் கணிசமானவை தனித்து நிற்பவையல்ல. ஒரு கவி கேட்கும். மறு கவி பதில் சொல்லும். மச்சான் சொன்னதை மச்சி மடக்குவாள். அங்கே கேட்பவர் என்பவர் அடுத்த கவிக்குச் சொந்தக்காரர். நன்றாகக் கேட்டால்தான் நன்றாகப் பதில் சொல்ல முடியும். கவிஞர் அனார் தொகுத்து 2013இல் வெளிவந்த ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்ற கிழக்கிலங்கை நாட்டார் பாடல் தொகுப்பைப் புரட்டும் எவரும் இந்த எதிர்மொழிக் குணத்தை அதில் உணரலாம்.

ஆக, நமது ஊர்களின் பழைய இரவுகளில் கேட்பவருக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று பொருள் சொல்வது. மற்றது பதில் சொல்வது. இன்றைய கவியரங்கு இவ்விரண்டையும் கைவிட்டுவிட்டு, அவ்விடத்தில் கைதட்டலை வைத்திருக்கிறது.

உருது முஷாயிராவின் கேட்போரை இங்கு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். நல்ல ஷேர் ஒன்று வந்தால் சபை ‘முகர்ரர்’ என்று கேட்கும். அதாவது, அதனையே திரும்பச் சொல்லும்படி வேண்டும். ஒரு வரியைத் திரும்பக் கேட்பதற்கு அது எந்த வரி என்று தெரிந்திருக்க வேண்டும். கைதட்டலுக்கு அந்தத் தேவை இல்லை. கவிதை முழுவதையும் கவனியாமலே இறுதியில் தட்டிவிடலாம்.

3

கவியரங்கக் கவிதை மேலோட்டமானது, அச்சில் நிற்காதது என்றொரு குற்றச்சாட்டு விமர்சகர்களிடம் நெடுநாளாக உண்டு. காதுக்காக எழுதுவதனாலேயே அது ஆழம் இழக்கிறது என்பது அவர்களின் வாதம். இதனை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

ஈழத்து நவீன கவிதையின் சிறந்த பக்கங்களுள் சில காதுக்காகவே எழுதப்பட்டவை. மஹாகவியின் ‘கண்மணியாள் காதை’ வில்லுப்பாட்டுக்காக, லடீஸ் வீரமணியின் குரலுக்காக ஆக்கப்பட்டது. 1968இல் நூலாக வந்த அப்படைப்பை இன்று கையில் எடுத்து மௌனமாகப் படித்தாலும் சாதிக் கொடுமையின் கதை நெஞ்சை உலுக்குகிறது. நீலாவணன் ‘மழைக்கை’ போன்ற பா நாடகம் எழுதினார். மஹாகவியும் முருகையனும் நீலாவணனும் மரபு யாப்புக்குள் பேச்சோசையைக் கொண்டுவந்தமை ஈழத்துக் கவிதையின் ஒரு திருப்பம் என்பதை நமது விமர்சகர்கள் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். பேச்சோசை என்பது காதின் விவகாரம்தானே.

கவிக்கோ அப்துல் ரகுமானின் உதாரணமும் கவனிக்கத்தக்கது. கவியரங்க மேடைகளில் அவர் பெற்றிருந்த செல்வாக்கு நம் நாட்டு வாசகர்களுக்கும் தெரியும். ஆனால் 1974இல் வெளிவந்த அவரது ‘பால்வீதி’ மேடையின் குரலில் எழுதப்பட்டதன்று. படிமங்களின் வழியே, வாசகன் தனியே அமர்ந்து திறக்க வேண்டிய கவிதைகள் அவை. மேடை வேறு, தாள் வேறு என்ற தெளிவு அவரிடம் இருந்தது. நம்மவர் பலர் அவரிடமிருந்து மேடையை மட்டுமே எடுத்துக்கொண்டனர்.

ஆகவே, கேட்பதற்காக எழுதுவதில் பழுதில்லை. கைதட்டலுக்காக எழுதுவதிலேயே பழுது இருக்கிறது. இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாட்டை ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

சீதனம் நமது கவியரங்குகளின் நிலையான பாடுபொருள். ‘சீதனம்’ என்ற சொல்லைச் ‘சீ, தனம்’ என்று பிரித்துக் காட்டும் வித்தையை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. முதன்முதலில் அதனைக் கண்டவருக்கு அது ஒரு கண்டுபிடிப்பாக இருந்திருக்கும். பத்தாவது தடவையும் அதே இடத்தில் அதே நிறுத்தம், அதே கரகோஷம். கவிஞர் அந்த இடத்தில் ஒலிவாங்கியிலிருந்து சற்று விலகி நின்று சபைக்கு நேரம் கொடுப்பார். சபையும் தன் கடமையைச் செய்யும்.

ஆனால், நமது கரையோர ஊர்களில் சீதனம் என்பது பெரும்பாலும் ஒரு வீடு. பெண் பிறந்த நாளிலிருந்து அத்திவாரத்துக்குக் கல் சேர்க்கும் தகப்பன். தங்கையின் வீட்டுக்குக் கூரை போடும் வரை தன் கல்யாணத்தைத் தள்ளிவைக்கும் நானா. மகளின் சுவரைப் பூசுவதற்காகச் சவூதிக்கோ குவைத்துக்கோ பணிப்பெண்ணாகப் போன உம்மா. அந்த வீட்டில் சொந்தக்காரியாக வாழும் பெண்ணுக்கு அதனால் ஒரு பலமும் உண்டு. கணவன்தான் அவளுடைய வீட்டுக்கு வந்தவன். இந்தச் சிக்கல் முழுவதும் ஒரு கவிதைக்குள் வர வேண்டுமென்றால் ‘சீ’ என்ற ஓரெழுத்து போதாது. மேடையில் இருந்தவரும் கீழே கைதட்டியவரும் அநேகமாகச் சீதன வீடுகளிலிருந்து வந்தவர்களே. கூட்டம் முடிந்து அங்கேயே திரும்பிப் போனவர்களே. கவிதை அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. தம்மைப் பற்றியல்லாத ஏதோவொரு கெட்ட வழக்கத்தைக் கண்டித்த திருப்தியோடு அவர்கள் உறங்கச் செல்ல அது உதவிற்று.

பொருள் சொல்பவர் ஒருவர் அந்தச் சபையில் இருந்திருந்தால் இதைக் கேட்டிருப்பார். ‘தம்பி, உங்கள் கவிதையில் வீடு எங்கே?’ என்ற ஒரு கேள்வி போதும். அந்த இளைஞர் அடுத்த மாதம் வேறொரு கவிதையோடு வந்திருப்பார்.

கைதட்டலுக்கான வேறு உபாயங்களும் உண்டு. தலைவரின் பெயரைச் சிலேடையாக்குதல், முன்னர் படித்தவரைச் செல்லமாக இடித்துரைத்தல், அரசியல்வாதியின் கதிரையைக் கேலி செய்தல், மூன்று வரிகளை ஏற்றி நாலாவது வரியில் கவிழ்த்தல், உணர்ச்சி குறையும்போது உம்மத்தையோ உம்மாவையோ அழைத்தல். இவற்றுள் எதுவும் தன்னளவில் குற்றமன்று. கம்பீரமான கவிஞர்களும் இவற்றைக் கையாண்டிருக்கின்றனர். ஆனால், இவை மட்டுமே கவிதை எனச் சபை பழகிவிட்டால், இவை இல்லாத கவிதை அங்கே செத்துவிழும். மெல்லிய குரலில், ஒரு மையித்து வீட்டின் மறுநாட் காலையைப் பற்றிப் படித்த ஒருவர் கைதட்டல் இல்லாமல் கீழே இறங்கியதைக் கண்டிருக்கிறேன். அடுத்த முறை அவர் சிலேடையோடு வந்தார். சபை தனக்கு வேண்டியதைக் கவிஞனிடமிருந்து இவ்வாறுதான் பெற்றுக்கொள்கிறது.

4

இனி, கவியரங்கு நடக்கும் நேரமும் ஒழுங்கும்.

இஷாவுக்குப் பின் என்று அழைப்பிதழில் இருக்கும். பிரதம அதிதி வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் கவிதை பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்று தொடங்கி அரைமணி நேரம் பேசுவார். பின்பு பொன்னாடைகள். பின்பு தலைமைக் கவிதை. அது ஏனைய கவிதைகள் மூன்றின் நீளம். மூத்தவர்கள் முன்னால், இளையவர்கள் பின்னால். புதிதாக எழுதத் தொடங்கியவரின் முறை வரும்போது பதினொரு மணி தாண்டிவிடும். முன்வரிசையில் இருந்தவர்கள் தத்தம் கவிதையைப் படித்ததும் எழுந்து போயிருப்பார்கள். யாருடைய அபிப்பிராயம் அந்தப் பையனுக்குத் தேவையோ அவர்களே அப்போது அங்கு இருப்பதில்லை.

அந்தப் பையனுக்காவது அவ்வளவு கிடைக்கிறது. பெண்ணுக்கு அதுவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் உயர்தரம் படித்த மாணவி ஒருவர் வெள்ளத்தில் ஊறிப்போன பாடப் புத்தகங்களை வெயிலில் காயவைப்பது பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தார். அயலூர்க் கவியரங்கொன்றுக்கு அதனை அனுப்பினோம். இரவுக் கூட்டம் என்பதால் அவரால் போக முடியவில்லை. அமைப்பாளர்கள் கவிதையை வேறொருவரைக் கொண்டு படிப்பித்தனர். செய்தியில் படித்தவரின் பெயர் வந்தது. அதைவிட வருத்தமானது வேறொன்று. மறுவாரம் அம்மாணவி என்னிடம் கேட்டது, தன் பெயர் ஏன் வரவில்லை என்றல்ல. ‘சேர், கேட்டவங்க என்ன சொன்னாங்க?’ என்றுதான் கேட்டார். சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. எவரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நமது காலத்தின் முக்கியமான முஸ்லிம் கவிஞர்களைப் பட்டியலிடுங்கள். ‘விலங்கிடப்பட்ட மானுடம்’ தந்த சுல்பிகா. ‘ஓவியம் வரையாத தூரிகை’ (2004), ‘எனக்குக் கவிதை முகம்’ (2007) ஆகியவற்றின் அனார். ‘ஒரு கடல் நீரூற்றி’ (2007), ‘அபராதி’ (2009) ஆகியவற்றின் ஃபஹீமா ஜஹான். கடந்த முப்பது ஆண்டுகளில் நமது மொழியின் எல்லையை விரித்தவர்கள் என்று நான் கருதும் இவர்கள் முதன்மையாகச் சஞ்சிகைகளின் வழியாகவும் நூல்களின் வழியாகவுமே வாசகரிடம் வந்து சேர்ந்தவர்கள். இரவு மேடை அவர்களை உருவாக்கவில்லை. அந்த மேடை இல்லாமலே அவர்கள் வளர்ந்தார்கள் என்பதை அவர்களின் பெருமையாகச் சொல்லலாம். மேடையின் பெருமையாகச் சொல்ல முடியாது.

கொழும்பில் வலம்புரி கவிதா வட்டம் பௌர்ணமி விடுமுறை நாட்களைத் தேர்ந்து கவியரங்கு நடத்திவரும் மரபு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. மாதத்தில் ஒரு நாள், எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த நாள், வேலை இல்லாத நாள். அழைப்பிதழ் வந்தாலும் வராவிட்டாலும் பௌர்ணமி வரும். அரங்குக்கு அரங்கு தலைமைக் கவிஞர் மாறுவதும், அறிமுகமில்லாதவர்களுக்கும் இடம் கிடைப்பதும் அதன் நல்ல அம்சங்கள். தலைநகரில் தொழில் நிமித்தம் வாழும் பல ஊர்க் கவிஞர்கள் அங்கே ஒன்றுசேர்ந்தனர். ஓர் அமைப்பு இவ்வாறு விடாது தொடர்வதன் அருமை கிராமத்தில் இரண்டு கூட்டத்தோடு சங்கம் கலைந்துபோவதைக் கண்டவர்களுக்கே தெரியும். அந்தத் தொடர்ச்சியை நாம் கற்றுக்கொள்ளலாம். அதனோடு சேர வேண்டியது கவிதை பற்றிய பேச்சு.

5

சபையில் கவிதை பற்றிப் பேசுவது ஓர் ஆடம்பரம், அது பல்கலைக்கழகத்தாரின் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக அண்மைக்கால நிகழ்வொன்றை எடுத்துக்கூற வேண்டியிருக்கிறது.

மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளங்கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாஃப் ஜஸீம் ‘நவரசம்’ என்ற தமது கவிதைத் தொகுப்பை 2017இல் வெளியிட்டார். 2019 ஏப்ரல் 21ஆம் திகதிய குண்டுத் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் வீடுகளில் புத்தகங்களே பயத்துக்குரிய பொருளாகிப் போன சூழ்நிலையை நாம் மறக்கவில்லை. 2020 மே மாதம் அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டார். அக்கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுகின்றன என்று கூறப்பட்டது. ஏறத்தாழ 19 மாதங்கள் தடுப்பில் இருந்த அவர் 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அத்தொகுப்பிலேயே இருந்தன. ஆனால், ஒரு வரியை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து, கவிதையில் பேசும் குரலையும் கவிஞனையும் ஒன்றாக்கிப் பார்க்கும் வாசிப்பின் முன்னால் அவற்றால் தம்மைக் காத்துக்கொள்ள முடியவில்லை.

உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எழுத்தாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் அவருக்காகக் குரல் கொடுத்தனர். சர்வதேச பென் அமைப்பு போன்றவை அவரது வழக்கைத் தொடர்ந்து கவனத்துக்குக் கொண்டுவந்தன. நமது ஊர்களின் இலக்கிய வட்டங்களோ பெரும்பாலும் மௌனமாயிருந்தன. அந்த மௌனத்துக்குப் பயம் ஒரு காரணம். அந்நாட்களில் பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. அதனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பயம் மட்டும்தானா? ஒரு கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இங்கே பேசுவது யார், எவரை நோக்கிப் பேசுகிறார், இந்த உருவகம் எதைச் சுட்டுகிறது, அடுத்த வரி இதனை எப்படித் திருப்புகிறது’ என்று அந்நியர் முன்னிலையில் நிதானமாக எடுத்துச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருந்ததா? ஆண்டாண்டாகக் கைதட்டிப் பழகிய சபைக்கு, ஒரு கவிதைக்காகச் சாட்சி சொல்ல வேண்டிய நேரத்தில் சொற்கள் வரவில்லை.

பொருள் சொல்பவரின் இடம் காலியாக இருந்தால் அது காலியாகவே இருக்காது. வேறு யாராவது வந்து அமர்ந்து பொருள் சொல்லத் தொடங்குவார்கள். அந்தப் பொருள் குற்றப்பத்திரிகையாகவும் இருக்கலாம். நமக்குள்ளேயே கூட, தமக்குப் பிடிக்காத கவிதை எழுதிய பெண்ணின் ஈமானை அளக்கப் புறப்பட்டவர்கள் இருந்தனர். அவர்களின் வாசிப்பும் இதே வகையைச் சேர்ந்ததுதான். கவிதையைக் கவிதையாக வாசிக்கும் ஒரு சபை ஊரில் இருந்திருந்தால் இவ்விரு வகையினருக்கும் பதில் சொல்ல ஓரிடம் இருந்திருக்கும்.

6

என்ன செய்யலாம்?

கலாசாலையில் பயிற்சி பெற்றவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கற்பித்தற் பயிற்சியின்போது நாம் வகுப்பில் பாடம் நடத்த, விரிவுரையாளரும் சக பயிலுநர்களும் பின்வாங்கில் அமர்ந்து குறிப்பெடுப்பர். மணியடித்து மாணவர் போனதும் குறைநிறைகளைச் சொல்வர். கரும்பலகையில் எழுத்து எங்கே சரிந்தது, எந்தக் கேள்வி மாணவருக்கு விளங்கவில்லை, எந்த உதாரணம் நன்றாக விழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்வர். கேட்கும்போது முகம் சுருங்கும். அடுத்த பாடம் திருந்தும். அதற்காக யாரும் யாருக்கும் பகையாளியாகவில்லை. மேலும், சாதாரண தரத்தில் ‘தமிழ் இலக்கிய நயம்’ என்றொரு பாடம் இருக்கிறது. பதினாறு வயது மாணவரிடம் ஒரு செய்யுளைக் கொடுத்து அதன் நயத்தை எழுது என்கிறோம். அதே வேலையை வளர்ந்தவர்களாகிய நாம் நமது சமகாலக் கவிதைக்குச் செய்ய ஏன் கூச வேண்டும்?

கல்முனைப் பிரதேசத்தில் ஆசிரியராக இருந்த நீலாவணன் (1931–1975) தம்மைச் சூழ ஓர் எழுத்தாளர் கூட்டத்தைத் திரட்டியதும், தமிழரும் முஸ்லிம்களுமாக இளைஞர்கள் அவரிடம் வந்துபோனதும் நாம் அறிந்ததே. எம். ஏ. நுஃமான் தமது கவிதை வளர்ச்சியில் நீலாவணனுக்குரிய இடத்தைப் பதிவுசெய்திருக்கிறார். அந்த உறவில் முக்கியமானது எழுதியதைப் படித்துக் காட்டுவதும் அது பற்றிப் பேசுவதும்தான். பொன்னாடை அங்கே வேலை பார்க்கவில்லை.

எனவே, எந்த ஊரிலும் செலவின்றிச் செய்யக்கூடிய சில ஒழுங்குகளை முன்வைக்கிறேன். ஒரு கூட்டத்துக்கு ஐந்து கவிதைகள் போதும். கவிதைகளின் பிரதிகள் கேட்போரின் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கவிதையும் இரு தடவை படிக்கப்பட வேண்டும். முதலில் கவிஞர் படிப்பார், பின்னர் வேறொருவர் படிப்பார். தன் வரி இன்னொரு வாயில் எங்கே தடுக்குகிறது என்பதைக் கேட்பதைவிடக் கவிஞருக்குப் பெரிய பாடம் இல்லை. அதன்பின் அக்கவிதைக்கென முன்கூட்டியே நியமிக்கப்பட்ட ஒருவர் பொருள் சொல்வார். அவர் ‘அருமை’ என்ற சொல்லையும் ‘ஆழமான கவிதை’ என்ற தொடரையும் பாவிக்கக் கூடாது. கவிதை என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். இக்கடமை மாறி மாறி எல்லோருக்கும் வர வேண்டும். முதல் முறை வந்த இளையவருக்கும் வர வேண்டும். பின்பு கால் மணி நேரம் சபை பேசலாம். கவிஞர் இறுதியில் மட்டுமே வாய் திறக்கலாம்.

கூட்டம் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பாடசாலை வகுப்பறையிலோ வாசிகசாலையிலோ நடக்கட்டும். பெண்கள் தாமே வந்து தம் கவிதையைத் தம் குரலில் படிக்கட்டும். இரவுதான் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில், குடும்பத்தோடு கூடலாம். 2020இன் முடக்க காலத்தில் சூம் வழியாகக் கவியரங்கு நடத்தியபோது வெளிநாட்டிலிருப்பவர்களும், வீட்டைவிட்டு வெளிவர முடியாத சில பெண்களும் கலந்துகொண்டதைக் கண்டோம். அந்த வசதியையும் சேர்த்துக்கொள்ளலாம். யார் என்ன படித்தார், அது பற்றி என்ன சொல்லப்பட்டது என்பதை எழுதிவைக்க ஒரு பதிவேடு வேண்டும். பத்து ஆண்டுகளின் பின் நமது பிரதேசக் கவிதையின் வரலாற்றை எழுத வருபவருக்குப் பெயர்ப் பட்டியலைவிட அந்தப் பதிவேடு உதவும்.

இதனால் மனத்தாங்கல்கள் வரும் என்று சொல்வார்கள். வரும்தான். நமது ஊர்களில் கவிஞர்கள் ஒருவருக்கொருவர் உறவினர். மச்சான், மாமா, சாச்சா, ஒரே பள்ளியில் தோளோடு தோள் நின்று தொழுகிறவர்கள். ஒருவரின் கவிதையைக் குறை சொல்வது அவரது வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் விடுவதைப் போன்றதாக எடுத்துக்கொள்ளப்படலாம். ஆனால், வயற்கட்டில் நின்று எதிர்க்கவி சொன்னவளும் உறவுக்காரிதான். மச்சானை மடக்கிய கவியால் உறவு முறிந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கவிகள்தான் இன்றுவரை நிலைத்திருக்கின்றன.

எந்தச் சபையிலும் முதலில் பேச ஒருவர் வேண்டும். மூத்த கவிஞர்கள் அதனைத் தொடக்கிவைத்தால் இளையவர்களின் கூச்சம் நீங்கும். குறிப்பாக, மூத்தவர்கள் தமது கவிதையையே முதலில் சபையின் முன் வைத்து, ‘இதில் எது சரியில்லை, சொல்லுங்கள்’ என்று கேட்பார்களாயின் பாதி வேலை முடிந்தது. இங்கு சொல்லப்பட்டவற்றோடு உடன்படாதவர்கள் பலர் இருப்பர். கவியரங்க மேடையில் நாற்பது ஆண்டுகள் நின்றவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும். அவர்களின் மறுப்புகள் தொலைபேசியில் வருவதைக் காட்டிலும் இச்சஞ்சிகையின் அடுத்த இதழிலேயே வருவது எல்லோருக்கும் பயன்தரும்.